வெள்ளிக்கிழமைத் தூசி

கம்பெனி பஸ் சந்து முனையில் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த குணசுந்தரி கையை உதறிவிட்டு வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். மூன்றாவது எட்டில் நின்றாள். அந்த ஹாரன் இப்போது அவளுக்கு இல்லை.

“அக்கா, என் டேக்கப் பாத்தீங்களா?” யோகேஸ்வரி தலையை வாரிக்கொண்டே அறையிலிருந்து ஓடிவந்தாள்.

“ஆணியில.”

கதவு நிலையில் இருந்த ஆணி அது. கல்யாணமாகிக் கரங்கான் ஊரில் இந்த வீட்டுக்கு வந்த மறுவாரமே குணசுந்தரி அடித்தது. சுத்தியல் கிடைக்காமல் இடிகல்லால் அடித்ததில் அதன் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். இருபத்து மூன்று வருடம் அவளுடைய அடையாள அட்டை அதில் தொங்கியது. யோகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த அன்று ஆணி காலியாக இருந்தது. மாட்டினாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமும் இல்லை. அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லாததுதான் குணசுந்தரிக்கு எரிந்தது.

“போய்ட்டு வாரேன்க்கா!”

“ம்.”

பஸ் கிளம்பியது. கூலிம் தொழிற்பேட்டைக்குப் போகிற பஸ். குளிர்சாதனம் வைத்தது. கம்பெனி மாறினாலும் அதே பஸ்தான். மூன்றாவது வரிசை சன்னல் ஓரம் அவளுடைய இடமாக இருந்தது. இப்போது அங்கே யார் உட்காருகிறார்களோ.

யோகேஸ்வரி அவளுடைய கொழுந்தன் ஜெயகுமாரின் மனைவி. வயது முப்பத்து மூன்று. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில். கல்யாணத்துக்கு முன் சுங்கைப் பட்டாணியில் துணிக்கடையில் நின்றாள். அப்புறம் ஒன்பது வருடம், எண்ணெய்ப் பனையான செம்பனை நர்சரியில் பையில் மண் அள்ளிப் போட்டு, கன்றுக்குத் தண்ணீர் விட்டாள். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் நகக்கண்ணில் உரம் இருக்கும். குணசுந்தரி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது சந்தில் இருப்பவர்கள், “என்ன குணா, ஓட்டியா?” என்று ஓவர்டைம் பற்றிக் கேட்பார்கள். யோகேஸ்வரியை யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன வருடம் தை மாதம் கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் கேண்டீனில் உட்கார வைத்து, வேலை முழுவதும் வேறு நாட்டுக்குப் போகிறது என்றார்கள். ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். குணசுந்தரிக்கு அப்போது நாற்பத்து ஐந்து.

தொழிற்பேட்டையில் புதுக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது என்று தெரிந்தபோது அவள்தான் கிளம்பினாள். யோகேஸ்வரி துணைக்கு வந்தாள். உண்மையில் துணைக்குத்தான். “சும்மா உக்காந்திருக்கறதுக்கு நானும் ஒரு பாரம் எழுதிப் போடுறேன்லா,” என்று சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை எழுதினாள். எழுதுகோல் குணசுந்தரியுடையது.

துணைக்கு வந்தவளுக்கு வேலை கிடைத்தது.

“வயசு கூடிப் போச்சாம். நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம்,” என்று குணசுந்தரி வீட்டில் சொன்னாள். வீட்டில் எல்லாரும் அந்தக் கம்பெனியைத் திட்டினார்கள். யோகேஸ்வரிதான் அதிகமாகத் திட்டினாள்.

ஆனால் வயதைப் பற்றி அங்கே யாரும் பேசவே இல்லை. ஒரு முழத் தூரத்தில் அட்டையை வைத்து வாசிக்கச் சொன்னார்கள். கடைசி மூன்று வரிகளும் ஈரத்தில் நனைந்த மை போல ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவள் குத்துமதிப்பாகச் சொன்னாள். மைக்ராஸ்கோப் கொடுங்கள், அதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல நினைத்தாள். சோதித்த சீனப் பெண் தன்மையாகத்தான் பேசினாள். “ஆண்ட்டி, கண்ணாடி போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க.” இருபத்து ஆறு வருடம் சிப்பில் தலைமயிரை விட மெல்லிய கம்பியைப் பார்த்து வேலை செய்தவளை ஆண்ட்டி என்றாள்.

குணசுந்தரி கண்ணாடி போடவில்லை. போட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

*

முதல் இரண்டு மாதம் யோகேஸ்வரிக்கு வகுப்பறையிலும் வெளி வேலையிலும் போயிற்று. மூன்றாவது மாதம், ஒரு தூசி கூடப் படக் கூடாத சுத்த அறைக்குள் விட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சே மாறிவிட்டது. இரவுச் சோற்றுக்கு உட்காரும்போது குணசுந்தரியின் புருஷன் ரவிச்சந்திரன், இத்தனை வருடம் மனைவியிடம் கேட்ட கேள்வியை எல்லாம் இப்போது தம்பி மனைவியிடம் கேட்டான்.

“கண்ணு மட்டுந்தானே வெளிய தெரியும்? அப்புறம் யாரு யாருன்னு எப்படிம்மா அடையாளம் கண்டுபிடிப்பீங்க?”

“நடைய வெச்சுத்தான் மாமா. எங்க லைன்ல ஒரு மலாய்க்கார அக்கா இருக்காங்க. வாத்து மாதிரி நடப்பாங்க.”

“இதையேதான் நானும் இருவது வருஷமாச் சொன்னேன்,” என்றாள் குணசுந்தரி.

“நீ சொன்னப்ப வாத்து இல்லையே,” என்றான் ரவிச்சந்திரன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் ரசத்தை எடுக்க எழுந்து போனாள்.

ரவிச்சந்திரன் சிரிக்கக் கூடியவன். ரப்பர் மரம் வெட்டினான், செம்பனை லோரி ஓட்டினான், மரப்பட்டறைக்குப் போனான், இப்போது ஐம்பத்து ஒன்றில் பள்ளிக்கூட வாசலில் காவல். “எனக்கு இது நாலாவது சட்டை. பட்டன் மட்டுந்தான் வேற வேற,” என்பான். அவனுக்கு வேலை என்பது சட்டை. குணசுந்தரிக்கு அப்படி இல்லை.

அந்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை யோகேஸ்வரி முகம் செத்து வீடு திரும்பினாள். பையை வைத்தவள் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னா யோகா?”

“என் மேசையில தூசி ஏறிடுச்சுக்கா. தூசி எண்ணுற மெசின கொண்டாந்து வெச்சாங்க. வியாழக்கிழம வரைக்கும் நல்லாருந்துச்சு. இன்னிக்கு மூணு மடங்கு. மெசினே கீச்சு கீச்சுன்னு கத்துது. எல்லாரும் என்னத் திரும்பிப் பாக்குறாங்க.”

“பவுடர் போட்டியா?”

“இல்லக்கா. மேக்கப் இருக்கான்னு சுப்பர்வைசர் கேட்டாங்க. சோப்புக்கூட மாத்திட்டேன்னு சொன்னேன். மூணு வாட்டி ஏறுனா சுத்த ரூமுக்கு லாயக்கில்லன்னு எழுதிருவாங்களாம். மாசக் கடைசில கன்பர்ம் பண்ண மாட்டாங்க. அப்புறம் மறுபடியும் நர்சரிதான்.” அவள் புறங்கையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். “எங்கருந்துக்கா வருது அந்தத் தூசி?”

குணசுந்தரி அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

சுத்த அறைக்குள் தங்கச் சங்கிலி கூடாது. அதனால் யோகேஸ்வரி சங்கிலியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு, கூலிமில் வாங்கிய மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டிருந்தாள். கயிறு புதிது. பருத்தி நூல். பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நின்றது. வெள்ளிக்கிழமை தலை முழுகியதும் அதில் மஞ்சள் பூசியிருக்கிறாள். கழுத்து மடிப்பில் மஞ்சள் பொடி காய்ந்து வரி வரியாக இருந்தது.

மேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். மஞ்சள் மேக்கப் இல்லை, பவுடர் இல்லை. அது சாமி காரியம். பாடம் எடுத்தவர்களுக்கும் அது தெரியாது, பாடம் கேட்டவளுக்கும் தோன்றாது.

குணசுந்தரிக்குத் தெரியும். தொண்ணூற்று ஒன்பதில் அவளுடைய மேசையிலும் மெசின் கத்தியது. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அவளே கண்டுபிடித்தாள். மீன் பிடிக்கிற நைலான் நரம்பு, தங்சி என்பார்கள், அதில் தாலியைக் கோத்தாள். நூல் பிரியாது, மஞ்சள் ஒட்டாது, தண்ணீர் மாதிரி கழுத்தில் கிடக்கும். அப்புறம் வரிசையாகப் பெண்கள் வந்து கேட்டார்கள். ஓய்வு நேரத்தில் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கோத்துக் கொடுத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஷீலா என்று ஒரு குட்டைப் பெண் அழுதுகொண்டே வந்தாள். அவளுக்கும் கோத்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

“தலமுடியா இருக்கும்,” என்றாள் குணசுந்தரி. “குல்லாவ நல்லா இழுத்துப் போடு.”

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் திக்கென்றது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரு நாள் அவளும் தவிக்கட்டுமே.

*

குணசுந்தரிக்கு இப்போது சோறும் குழம்பும் விற்கும் கைருன்னிசாவின் நாசி கண்டார் கடையில் வேலை. கரங்கான் பசாருக்கு எதிரில். கைருன்னிசாவின் புருஷன் யஹ்யா முன்னால் சோறு அள்ளுவார், இவர்கள் பின்னால் வெங்காயம் உரிப்பார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு மூட்டை வெங்காயம். பிறகு கோழிக்கு மஞ்சள், மிளகாய், உப்பு பிசறி வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் மூன்று அண்டா இறங்க வேண்டும்.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. கைருன்னிசா மரியாதையாகத்தான் நடத்தினாள். ஆனால் வீட்டுக்குப் போனால் எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் வெங்காயம் போகாது. யோகேஸ்வரி வேலை முடிந்து வரும்போது அவள் மீது ஒரு வாசமும் இருக்காது. வாசமே இல்லாத அந்த வாசம் குணசுந்தரிக்குத் தெரியும். அது அவளுடைய சொந்த வாசம்.

“குணாக்கா, அந்தத் தேங்காப்பால் டப்பா எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க.”

குணசுந்தரி டப்பாவைத் தூக்கினாள். கையை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

“இதுக்கு மேல நீட்டுனா டப்பா கூலிம் போயிரும்,” என்றாள் கைருன்னிசா. “கண்ணாடி போடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. நான் நாப்பதுலயே போட்டுட்டேன். அவரு என்னய டீச்சருங்கிறாரு.”

“வெளிச்சம் பத்தல கைரு.”

“ஆமாமா. பகல் பத்து மணிக்கு வெளிச்சம் பத்தலதான்.”

*

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றது சனிக்கிழமை ஆயிற்று. சனிக்கிழமை யோகேஸ்வரி கோழி வாங்கி வந்து அவளே சமைத்தாள். ஜெயகுமார் தோட்டத்திலிருந்து டிராக்டர் ஓட்டிய களைப்போடு வந்தவன், நின்றபடியே ஒரு துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, “அண்ணி, யோகாவுக்குக் கன்பர்ம் ஆயிடுச்சுன்னா ஒரு நல்ல காடி எடுக்கலாம்னு இருக்கேன். நீங்கதான் மொதோ ஏறணும்,” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். குணசுந்தரிக்குக் கோழி இறங்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க வீடு தூசியைத் தேடியது. யோகேஸ்வரி நகத்தை ஒட்ட வெட்டினாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். ரொட்டி சானாய் சாப்பிட்டால் மாவு ஒட்டுமோ என்று அதையும் விட்டாள். துணியைத் தனியாகத் துவைத்து, அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள்.

“மூச்ச அடக்கிக்கிட்டு வேல செய்யும்மா,” என்றான் ரவிச்சந்திரன். “எட்டு மணி நேரந்தானே?”

“வெளாடாதீங்க மாமா. எனக்குத் தூக்கமே வரல.”

“அக்காவக் கேளு. தூசியப் பத்தி இவளுக்குத் தெரியாததா? காத்துல எத்தன இருக்குன்னு கணக்கே சொல்லுவா.”

யோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து, வீட்டில் எல்லாக் கண்ணும் அவள் பக்கம். குணசுந்தரிக்கு அது பிடித்திருந்தது. அதுதான் வினை. சொல்லிவிட்டால் இந்தப் பார்வை ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும்.

“ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி,” என்றாள். “இப்ப மெசின் எல்லாம் வேற. எனக்கு என்னா தெரியும்?”

இரண்டாவது வெள்ளிக்கிழமை மெசின் மறுபடியும் கத்தியது. இம்முறை யோகேஸ்வரி அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குணசுந்தரி அவளுடைய பங்குச் சோற்றைத் தட்டுப் போட்டு மூடி வைத்தாள். அதைத் தவிர அவள் வேறு எதுவும் செய்யவில்லை.

*

மூன்றாவது வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணி. குளியலறைக்கு வெளியே யோகேஸ்வரி குட்டை நாற்காலியில் உட்கார்ந்து கல்லில் மஞ்சள் இழைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையில் துண்டு. இழைத்த மஞ்சளை வழித்து எடுத்துத் தாலிக்கயிற்றில் தடவினாள். போன வாரத்தை விட அதிகமாகத் தடவினாள். கயிறு களிமண் பூசியது போல ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்.

“தாயே, இன்னிக்கு ஒரு நாள் காப்பாத்து.”

பயத்தில்தான் அவ்வளவு மஞ்சள். குணசுந்தரிக்கு அது ஒரு நொடியில் விளங்கியது. அடுப்பருகே மைலோ கலக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கரண்டி கையிலேயே நின்றது. யோகேஸ்வரி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்களும் எனக்காக வேண்டிக்குங்கக்கா.”

“பஸ் வந்துரும். சீக்கிரம்,” என்றாள் குணசுந்தரி.

ஹாரன் இரண்டு தடவை அடித்தது. ஆணியிலிருந்து அட்டை போயிற்று.

கடையில் அன்று வெங்காயம் உரிக்கும்போது கத்தி இரண்டு தடவை விரலில் பட்டது. ஏழு மணிக்கு உடை மாற்றி உள்ளே போயிருப்பாள். பத்தரைக்கு ஓய்வு. மெசினை எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொண்டு வருவார்கள். போன் அலமாரியில் இருக்கும். ஓய்வில்தான் எடுக்க முடியும். எல்லா நேரமும் அவளுக்கு மனப்பாடம்.

பத்து மணிக்குப் போனை எடுத்தாள். எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. எழுதிப் போட முடியாது. பேசித்தான் அனுப்ப வேண்டும். அழுத்திப் பிடித்தாள். “யோகா,” என்றாள். அழித்தாள். மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அழித்தாள். இப்போது சொன்னால், இதுவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். இனிமேல் சொல்லாமலே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. போனைப் பைக்குள் போட்டாள்.

பத்தரை தாண்டி, பதினொன்றும் ஆயிற்று. அண்டாவில் கோழியைக் கொட்டி மேலே மஞ்சள் பொடியைத் தூவினாள். பின்வாசல் வழியாக வெயில் உள்ளே நீண்டிருந்தது. அந்த வெயிலில் மஞ்சள் தூள் எழுந்து, இறங்காமல், அங்கேயே நின்று சுழன்றது. பக்கத்தில் இருப்பதுதான் அவளுக்கு மங்கல். எட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு துகளும் தெரிந்தது. ஒரு கன அடிக் காற்றில் இத்தனைக்கு மேல் இருந்தால் மெசின் கத்தும் என்று அவள் புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த எண்ணிக்கை ஞாபகம் வந்தது. வெள்ளை உடைக்குள், கழுத்து ஓரமாக, இதே மாதிரி எழுந்து எழுந்து வெளியே வந்துகொண்டிருக்கும். அதற்கு நடுவில் அந்தப் பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பாள், சாமி காப்பாற்றும் என்று.

“என்னாக்கா, கோழிக்குச் சூடம் காட்டுற மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் கைருன்னிசா.

“ஒரு போன் பண்ணிட்டு வந்துர்றேன்.”

பின்வாசலில் நின்று, மஞ்சள் விரலோடு அழுத்திப் பிடித்தாள்.

*

சாயந்தரம் அவள் வீட்டுக்கு வரும்போது ஐந்தாகிவிட்டது. ஆண்கள் இருவரும் வந்திருக்கவில்லை. அட்டை ஆணியில் தொங்கியது. தொங்குவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

யோகேஸ்வரி சாமி படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊதுவத்தி எரிந்தது. கழுத்தில் ஒரு சின்ன மஞ்சள் துண்டு கட்டிய நூல் மட்டும் கிடந்தது. மடியில் தட்டு. தட்டில் தாலியும், பழைய கயிறும், கடையில் வாங்கிய தங்சிச் சுருளும்.

குணசுந்தரி அந்தச் சுருளைப் பார்த்ததும் நின்றாள்.

“உக்காருங்கக்கா,” என்றாள் யோகேஸ்வரி. “நான் எந்திரிக்க முடியாது. கயித்த எடுத்துட்டேன்.”

தாலிக்கயிறு மாற்றும்போது பாதியில் எழுந்திருக்கக் கூடாது. குணசுந்தரி எதிரில் உட்கார்ந்தாள். “சாயந்தரத்துல மாத்தக் கூடாது யோகா. காலையிலதான்.”

“காலையில அஞ்சே முக்காலுக்கு பஸ். நீங்க எப்ப மாத்துனீங்க?”

“நானா?” அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது. “செகண்ட் ஷிப்டுல. டாய்லெட்டுல.”

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. போனை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். கடையின் இரைச்சல் முதலில் வந்தது. யஹ்யா யாருக்கோ குழம்பு ஊற்றச் சொல்லும் சத்தம். பிறகு குணசுந்தரியின் குரல். அவளுக்கே அது யாரோ கிழவியின் குரல் போல இருந்தது. “யோகா... அந்த மஞ்சக்கயிறு. அதான் தூசி. மெசின் வர்றதுக்கு முன்னால கழுத்தச் சுத்தி டேப்பு ஒட்டிக்க. வீட்டுக்கு வா, வேற கோத்துத் தாரேன்.” அத்தோடு நின்றது.

“பதினொன்னு அஞ்சுக்கு அனுப்பியிருக்கீங்க. பிரேக் பத்தே முக்காலுக்கே முடிஞ்சிருச்சு. சாப்பாட்டு நேரத்துல போன எடுக்கவே இல்ல. வர்றப்ப பஸ்ஸுலதான் கேட்டேன்,” என்றாள் யோகேஸ்வரி.

“அப்ப மெசினு?”

“கத்தல. இந்த வாரம் எங்க ஷிப்டுக்குப் புது லைன் லீடர் வந்திருக்காங்க. டிரெஸ் மாத்துற எடத்துலயே என் குல்லால மஞ்சக் கறையப் பாத்துட்டாங்க. அங்கயே துடைச்சு, டேப்பு ஒட்டி, வேற உடுப்புக் குடுத்தாங்க. நான் நடுங்கிட்டேன். எந்த ஊரும்மான்னு கேட்டாங்க. கரங்கான்னேன். கரங்கான்ல எங்கன்னு கேட்டாங்க.” அவள் நிறுத்தினாள். “ஷீலான்னு பேரு.”

குணசுந்தரி தரையைப் பார்த்தாள்.

“‘குணாக்கா வீட்டுப் பொண்ணா நீ? எங்களுக்கெல்லாம் தங்சி கோத்துக் குடுத்ததே அந்த அக்காதானே. ஒனக்குச் சொல்லலையா?’ன்னு கேட்டாங்க. நான் என்னா சொல்லுவேன்? மறந்திருப்பாங்கன்னு சொன்னேன்.”

ஊதுவத்திச் சாம்பல் வளைந்து விழுந்தது.

“எப்பலேருந்துக்கா தெரியும்?”

பொய் சொல்ல இடம் இருந்தது. இன்றைக்குத்தான் கோழி பிசறும்போது தோன்றியது என்று சொல்லலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது.

“மொதோ வெள்ளிக்கிழமையே.”

யோகேஸ்வரியால் எழுந்து போக முடியாது. தட்டில் இருந்த பழைய கயிற்றைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

“நர்சரில நான் ரோட்டோரம் பை ரொப்பிக்கிட்டு இருப்பேன்,” என்றாள் கடைசியில். “ரெண்டு மணி வெயிலு. உங்க பஸ்ஸு போகும். கண்ணாடிக்குள்ள நீங்க ஏசில தலையச் சாய்ச்சுக்கிட்டுத் தூங்கிட்டுப் போவீங்க. ஒரு நாள் மழ. நான் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், உங்க பஸ்ஸு தண்ணிய என் மேல அடிச்சிட்டுப் போச்சு. அந்த பஸ்ஸு கவுந்துரணும்னு நெனச்சேன்க்கா. நெசமாத்தான். அப்புறம் ராத்திரி உங்களுக்கே மீன் பொரிச்சுப் போட்டேன்.”

குணசுந்தரி நிமிர்ந்தாள். “என்னைக்கு?”

“எந்த மீனுன்னு இப்ப கேக்காதீங்க.”

சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

“ஆனா பஸ்ஸு கவுறலலா,” என்றாள் யோகேஸ்வரி. குரல் மறுபடியும் இறுகியது. “நான் நெனச்சதோட சரி. நீங்க ரெண்டு வாரம் என் பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்க.”

குணசுந்தரி விழுந்த ஊதுவத்திச் சாம்பலை விரலால் ஒதுக்கினாள்.

யோகேஸ்வரி தாலியையும் தங்சியையும் எடுத்து நீட்டினாள். “கோத்துத் தாங்க. ஷீலாவுக்குக் கோத்த மாதிரி.”

குணசுந்தரி வாங்கினாள். தங்சி விரலில் இருப்பது தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. தாலியின் கண்ணி கடுகு அளவு. நரம்பின் நுனியை எச்சில் தொட்டு நீட்டினாள். கண்ணியைத் தாண்டிப் போயிற்று. கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். இன்னும் தள்ளினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நுனி மூன்று தடவையும் பொன்னின் ஓரத்தில் வழுக்கியது.

யோகேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

“அக்கா. வயசுன்னா சொன்னாங்க அன்னிக்கு?”

“இல்ல.”

“கண்ணா?”

“ம்.”

“எத்தன நாளா?”

“ஒன்னரை வருசம் இருக்கும்.” கைருன்னிசாவிடம் கூட வெளிச்சத்தின் மீது பழி போட்டவள், முதல் தடவையாகச் சொன்னாள். “தெரியல யோகா. பக்கத்துல இருக்கறது எதுவும் தெரியல.”

யோகேஸ்வரி ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அதற்காகக் குணசுந்தரி அவளை அந்த நிமிடத்தில் மன்னித்தாள். எதை மன்னித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, யோகேஸ்வரி அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

“இங்க குடுங்க. நீங்க புடிச்சுக்குங்க, நான் கோக்குறேன்.”

குணசுந்தரியின் உள்ளங்கையில் தாலி கிடந்தது. யோகேஸ்வரி குனிந்து ஒரே தடவையில் கோத்தாள். நல்ல கண். குணசுந்தரிக்குப் பழைய எரிச்சல் ஒரு முறை எழுந்து அடங்கியது. அது முழுசாகப் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“முடிச்சு போடத் தெரியுமா ஒனக்கு?”

“சாதா முடிச்சுதானே?”

“சாதா முடிச்சு வழுக்கிரும். லைன்ல பாதி வேலையில தாலி கீழ விழும். திரும்பி உக்காரு.”

யோகேஸ்வரி உட்கார்ந்தபடியே முதுகைக் காட்டினாள். குணசுந்தரி நரம்பின் இரண்டு முனையையும் பிடரிக்குக் கொண்டுவந்து, மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு இழுத்தாள். இதற்குக் கண் வேண்டியதில்லை. விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

“இப்ப நுனியச் சுடணும். உருகி ஒட்டிக்கிட்டாத்தான் அவுறாது. ஆடாத.”

அடுப்படியிலிருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்துவந்து, சூடு தோலில் படாமல் முடிச்சுக்கு அடியில், கழுத்தோடு சேர்த்து வைத்தாள். மறு கையில் ஊதுவத்தியை உருவி எடுத்தாள்.

யோகேஸ்வரி தோளைக் கொஞ்சம் உயர்த்தினாள். அவ்வளவுதான். பிறகு தோளை இறக்கி, முன்னால் விழுந்த ஈரமுடியை ஒதுக்கிக்கொண்டு, தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தாள்.

“கழுத்தச் சுட்டுராதீங்கக்கா.”

“பேசாத.”

கரண்டி மங்கலாக இருந்தது. முடிச்சு தெரியவில்லை. கழுத்து மடிப்பில் காலையில் பூசிய மஞ்சள் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது போலத் தோன்றியது. நெருப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது. குணசுந்தரி மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தச் சிவப்புப் புள்ளியை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனாள்.